தேர்ந்த துறையும் வாய்த்த துறையும்

கழுகுமலையின் தீர்த்தங்கரர் சிற்பங்களை வழிபட்டுவிட்டு, சங்கரன்கோவில் வழியாக நாம் சுரண்டையை அடைந்தபோது பிற்பகல் சாய்ந்திருந்தது. ஆடித் திங்கள். மேற்கே குற்றால மலைமேல் முகில் இறங்கிச் சாரல் காற்று வீசிக்கொண்டிருந்தது. சுந்தரபாண்டியபுரம் பக்கத்து வயல்களில் சூரியகாந்தி பூத்திருந்தது. வட மாவட்டத்திலிருந்து பணி நிமித்தமாகத் தெற்கே வந்து, ஓய்வு பெற்ற பின்னரும் சுரண்டையிலேயே தங்கிவிட்ட நம் சமூகத்து அன்பர் ஒருவரின் இல்லத்தில் அன்றிரவு தங்குவதாக ஏற்பாடு.

பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தோம். அவ்வில்லத்தில் ஒரு கவலை நிலவுவதை நாம் சிறிது நேரத்திலேயே உணர்ந்தோம். அன்பரின் மகள் மருத்துவப் பட்டப்படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் நிறைவு செய்து, மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வையும் எழுதியிருந்தாள். தேர்ச்சியில் குறைவில்லை. ஆயினும் தந்தையார் எண்ணியிருந்த துறை கிடைக்கும் அளவுக்குத் தரவரிசை அமையவில்லை. கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியலை அளிக்கச் சில நாள்களே எஞ்சியிருந்தன. தந்தையார் கதிர்ப்படத் துறை என்றார். இரவுப் பணி இராது என்பதால் தோல் மருத்துவமே நன்று என்றார் தாயார். இன்னும் ஓராண்டு காத்திருந்து மீண்டும் தேர்வெழுதலாம் என்று தொலைபேசியில் மாமன் முறையினர் ஒருவர் அறிவுரை சொன்னாராம். மகள் மட்டும் ஒன்றும் கூறாதிருந்தாள். முடிவில் அனைவரும் நம்மை நோக்கினர்.

நாம் மருத்துவம் அறியோம். ஆகவே இத்துறை, அத்துறை என்று சுட்டிச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் அன்று காலை கோவில்பட்டியில், எட்டயபுரத்துக்குச் செல்லும் சாலை பிரியுமிடத்தைக் கடந்தபோதே ஒரு பெரியவரின் வாழ்க்கை நம் நினைவில் எழுந்திருந்தது. மருத்துவத் துறையை இருமுறை தேர்ந்தெடுக்க நேர்ந்தவர் அவர். மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களின் அவ்வாழ்க்கையைத்தான் அன்றிரவு அத்திண்ணையில் நாம் சொன்னோம். நம் இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகள் மருத்துவம் பயில்கின்றனர். அவர்களுக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறோம்.

துறை தேர்தல் என்னும் நெருக்கடி

வரலாற்றுக்குள் செல்லுமுன், துறை தேர்தல் என்பது யாதென்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். மருத்துவப் பட்டப்படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. அந்த ஓராண்டில் பொது மருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு, குழந்தை மருத்துவம், கண், காது மூக்கு தொண்டை எனத் துறைதோறும் மாணவர் மாறி மாறிப் பணியாற்றுவர். பின்னர் நுழைவுத் தேர்வு எழுதி, ஏதேனும் ஒரு துறையில் மூன்றாண்டு பயின்று பட்ட மேற்படிப்பை முடிப்பர். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் தேர்ந்த துறையே பெரும்பாலும் வாழ்நாள் முழுமைக்கும் உரியதாகிவிடுகிறது.

தரவரிசையில் முன்னிற்போர் கதிர்ப்படத் துறை, பொது மருத்துவம், தோல் மருத்துவம் முதலியவற்றை முதலில் எடுத்துக்கொள்கின்றனர். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் போன்ற அடிப்படைத் துறைகளில் இடங்கள் ஆண்டுதோறும் நிரம்பாமல் எஞ்சுகின்றன. 2023ஆம் ஆண்டில், எஞ்சிய இடங்களை நிரப்புவதற்காகத் தகுதி எல்லையைப் பூச்சிய சதமானத்துக்கே இறக்க நேர்ந்தது. வருவாய், பணி நேரம், இரவுக் கண்விழிப்பு, நோயாளியின் உறவினரது சினத்துக்கு ஆளாகும் அச்சம், படிப்புக்கு வாங்கிய கடன், திருமணம் என மாணவர் மனத்தில் பல கணக்குகள் ஓடுகின்றன. இவற்றுள் எதையும் இழிவென்று நாம் தள்ளமாட்டோம். இல்லறத்தார்க்கு இவை இயல்பான கணக்குகளே. ஆயினும் இக்கணக்குகளில் விடுபடுகிற ஒன்று உண்டு. அது யாதென்பதை டாக்டர் வெங்கடசாமியின் வாழ்க்கை காட்டுகிறது.

கரிசல் மண்ணில் பிறந்த விருப்பம்

எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வெங்கடசாமி பிறந்தார். அன்று அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986க்குப் பின் தூத்துக்குடி மாவட்டத்துக்குரியதாயிற்று. வானம் பார்த்த கரிசல் பூமி அது. உழவுக் குடும்பத்தில் பிறந்த ஐவருள் அவரே மூத்தவர். காலையில் எருமைகளை மேய்த்து முடித்துவிட்டு வெறுங்காலுடன் பள்ளிக்கு நடந்து செல்வார். ஊர்ப்பள்ளியில் தாளும் எழுதுகோலும் இல்லை. ஆற்று மணலைக் கொணர்ந்து தரையில் பரப்பி, அதன்மேல் விரலால் எழுதியே பிள்ளைகள் எழுத்தறிந்தனர்.

அவ்வூரில் மருத்துவர் எவரும் இலர். அவர் சிறுவராயிருந்தபோது, உறவுப் பெண்கள் மூவர் ஒருவர்பின் ஒருவராகப் பேறுகாலத்தில் இறந்தனர். மகப்பேறு மங்கல நிகழ்ச்சியாக எதிர்பார்க்கப்பட்ட வீட்டில் சாவு நுழைந்ததை அச்சிறுவர் மும்முறை கண்டார். கருவுற்ற நிலையின் பிற்பகுதியில் இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்புக் காணும் நோயை உரிய காலத்தில் அறிந்தால் பெரும்பாலும் தாயைக் காக்கலாம் என்பது இன்று நாம் அறிந்தது. அன்று அக்கரிசல் ஊரில் அதை அறிவார் இல்லை. மருத்துவராக வேண்டும், அதிலும் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்னும் எண்ணம் அங்கேதான் அவருள் வேர்விட்டது.

இதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தத் துறைக்கு மதிப்பு மிகுதி என்று கேட்டு அவர் அவ்விருப்பத்துக்கு வரவில்லை. மருத்துவத்தில் துறைகள் உண்டென்பதையே அவ்வயதில் அவர் அறிந்திருக்க நியாயமில்லை. இறந்தவர்களின் முகங்கள் அவருக்குத் தெரியும். அவர்களைக் காக்கக்கூடியவர் அருகில் இல்லை என்பது தெரியும். துறை அவருக்கு ஒரு பெயராக வருமுன் ஒரு குறையாகவே தெரிந்தது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னை சென்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944இல் மருத்துவப் படிப்பை நிறைவு செய்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இந்தியப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து பணியாற்றினார். போர் முடிந்தது, நாடும் விடுதலை பெற்றது. இனி மகப்பேறு மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றுச் சிறுவயதில் எண்ணியதை நிறைவேற்றலாம் என்றிருந்த வேளையில்தான் அவருடைய வாழ்க்கை முறிந்தது.

முடங்கிய விரல்கள்

கடுமையான முடக்குவாத நோய் அவரைப் பற்றியது. உடலைக் காக்க வேண்டிய ஆற்றலே மூட்டுகளைத் தாக்கி, வீங்கச் செய்து, நாளடைவில் எலும்பையே உருத்திரியச் செய்யும் கொடிய நோய் அது. 1948இல் படைப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். வயது முப்பது. ஓராண்டுக்கும் மேலாக மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். நிற்க இயலவில்லை, நடக்க இயலவில்லை, எழுதுகோலைப் பற்றவும் இயலவில்லை. நோய் தணிந்தபோது விரல்கள் கோணிப் பின்னிப்போயிருந்தன. அக்கோணல் இறுதிவரை நீங்கவே இல்லை. பிற்காலத்தில் எடுக்கப்பட்ட படங்களில் அக்கைகளைக் காண்போர், இவையா கண்ணில் அறுவை செய்தவை என்று திகைப்பர்.

மகப்பேறு மருத்துவம் மணிக்கணக்கில் நின்று செய்ய வேண்டிய பணி. நள்ளிரவில் ஓடிச் செல்ல வேண்டும். குழந்தையை வெளிக்கொணரக் கைகளில் வலிமையும் வேண்டும். மூன்று சாவுகளைக் கண்டு உறுதிபூண்ட அந்தத் துறை, அவர் அதற்கு ஆயத்தமான வேளையில் அவருக்கு அடைபட்டது. இன்று தரவரிசையில் சில நூறு இடங்கள் பின்தங்கியதால் விரும்பிய துறை கிட்டவில்லை என்று வாடும் மாணவர், இந்த இழப்பையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

நோயை நற்பேறு என்று புகழ்வது சிலருக்கு வழக்கம். நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். நோய் நோயே, அது வாழ்நாள் முழுதும் அவருக்கு வலியையே தந்தது. நாம் வியப்பது, நோய்க்குப் பின் அவர் கேட்டுக்கொண்ட கேள்வியை. தம்மால் இயலாமற்போனது எது என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. இக்கைகளால் இன்னும் இயல்வது எது, அது எவருக்குப் பயன்படும் என்று மேலும் கேட்டார்.

அவர் கண் மருத்துவத்தைத் தேர்ந்தார். கோணிய விரல்களை உடையவர் மயிரிழை பிசகினும் பார்வை கெடும் துறையைத் தேர்ந்தது முதற்பார்வைக்குப் பொருந்தாத முடிவாகவே தோன்றும். எண்ணிப் பார்த்தால் அதில் ஒரு பொருத்தம் இருப்பது விளங்கும். கண் அறுவைக்கு உடல் வலிமை வேண்டுவதில்லை. அதை அமர்ந்தபடியே செய்யலாம். ஓர் அறுவை மணிக்கணக்கில் நீள்வதுமில்லை. விரல் நுனியின் சிறு அசைவே அங்கு எல்லாம். அந்தச் சிறு அசைவை மீட்டுக்கொண்டால் போதும். சென்னையில் கண் மருத்துவம் பயின்று 1951இல் அத்துறையில் தேர்ச்சி பெற்றார். கத்தியைப் பிடிக்கத் தம் விரல்களை நாள்தோறும் பழக்கினார். தம் கைக்கு ஏற்பக் கருவிகளையும் அமைத்துக்கொண்டார். அவ்வாறு பழகிய கைகள் ஒரே நாளில் நூறு அறுவை வரை செய்ததுண்டு. வாழ்நாளில் அவர் தம் கையால் செய்த கண் அறுவைகள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை.

துறையைத் தேடி வந்த ஊர்கள்

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைவராகவும், எர்ஸ்கின் மருத்துவமனை என்று அந்நாளில் வழங்கிய அரசு மருத்துவமனையில் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். இருபது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். இங்கேதான் வாய்த்த துறை அவருக்குச் சொந்தத் துறையாக மாறியது.

நம் நாட்டில் பார்வை இழப்புக்குத் தலையாய காரணம் கண்புரை. கண்ணின் உள்ளே ஒளியைக் குவிக்கும் வில்லை வயது முதிர முதிர மங்கிப் பால்நிறம் கொள்வதே கண்புரை. அறுவை செய்து அவ்வில்லையை நீக்கினால் பார்வை மீளும். ஆனால் சிற்றூர் முதியோர் பலர், பார்வை மங்குவதை முதுமையின் விதியென்று ஏற்றுத் திண்ணையில் ஒடுங்கிக் கிடந்தனர். வயலுக்குப் போகமாட்டார், தம் உணவைத் தாமே எடுத்துண்ண மாட்டார், அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கூலி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டும். குணமாக்கக்கூடிய ஒரு குறையால் ஒரு குடும்பமே நலிந்தது.

மகப்பேற்றில் இறந்த அம்மூவரின் நிலையும் இதுவேயன்றோ? காக்கும் வழி இருந்தது, காப்பவர் எட்டவில்லை. துறை மாறினாலும் அவர் முன் நின்ற குறை மாறவில்லை என்பதை இங்கே காண்கிறோம்.

ஆகவே நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், மருத்துவமனையையே ஊர்களுக்குக் கொண்டுசெல்லத் தொடங்கினார். 1960களில் அவர் நடத்திய கண் சிகிச்சை முகாம்கள் தென் மாவட்டங்களில் பெயர் பெற்றன. பள்ளிக் கட்டடங்களிலும் திருமண மண்டபங்களிலும் அறுவைகள் நடந்தன. பார்வையற்றோர் நலனுக்காக உலகெங்கும் உழைத்தவரும், சிறுவயதிலேயே பார்வை இழந்தவருமான ஆங்கிலேயப் பெருமகனார் ஜான் வில்சனின் நட்பு 1965இல் அவருக்கு வாய்த்தது. முகாம்கள் அதனால் வலுப்பெற்றன. 1973இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது.

முகாம்களில் அவர் கற்றதொரு பாடம் குறிப்பிடத்தக்கது. அறுவை இலவசம் என்று அறிவித்தாலும் பலர் வரவில்லை. பேருந்துக் கட்டணம், உணவு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி ஆகியவையே தடையாயிருந்தன. பிற்காலத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை, முகாமில் கண்புரை கண்டறியப்பட்டவர்களைத் தன் வண்டியிலேயே அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் அளித்து, அறுவைக்குப் பின் ஊரில் கொண்டுவந்து விடுவதை வழக்கமாக்கிற்று. இலவசம் என்னும் சொல்லுக்கு முழுப்பொருள் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஓய்வுக்குப் பின் தொடங்கிய பணி

1976இல், ஐம்பத்தெட்டாம் அகவையில், அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றார். பார்வை இழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டத்தை நடுவண் அரசு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். திருமணம் செய்துகொள்ளாத அவர், உடன்பிறந்தாரையும் அவர்தம் வாழ்க்கைத் துணைவரையும் சேர்த்துக்கொண்டு மதுரையில் பதினொரு படுக்கைகள் கொண்ட கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். தாம் போற்றிய அரவிந்தரின் பெயரையே அதற்கு இட்டார். பொருளுக்கு வழியில்லாமையால் வீட்டை ஈடு வைத்தனர். குடும்பத்தார் நகைகள் அடகுக்குச் சென்றன. தங்கை நாச்சியாரும் அவருடைய கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்களாகத் துணை நின்றனர். அடுத்த தலைமுறையினர் பலரும் அத்துறையையே தேர்ந்தனர்.

பணம் தரக்கூடியோர் தரும் கட்டணத்தைக் கொண்டே தர இயலாதோர்க்கும் சிகிச்சை அளிப்பது என்பது அங்கே வகுத்த நெறி. தரக்கூடியவர் யார், இயலாதவர் யார் என்று எவரும் சோதிப்பதில்லை. நோயாளியே தன் வழியைத் தேர்ந்துகொள்ளலாம். நாளடைவில் அங்கு நடந்த அறுவைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடந்தன. ஆயினும் மருத்துவமனை கடனில் மூழ்கவில்லை. தன் காலிலேயே நின்று வளர்ந்தது. இவ்விந்தையைப் பயில்வதற்கு ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இல் இதனை ஒரு பாடமாகவே எழுதி வைத்தது.

அவ்விந்தையின் உட்பொருள் எளியது. மருத்துவரின் கை ஒரு கணமும் வீணாகலாகாது. அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் அருகருகே இருக்கும். ஒருவருக்கு அறுவை நடக்கையில் அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தமாக இருப்பார். ஒன்று முடிந்ததும் மருத்துவர் திரும்பி அமர்ந்தால் போதும். பார்வையை அளத்தல், மருந்திடல், கருவிகளை ஒழுங்குசெய்தல், நோயாளிக்கு எடுத்துரைத்தல் ஆகிய பணிகளைச் சிற்றூர்களிலிருந்து தேர்ந்து பயிற்சி அளிக்கப்பட்ட இளம்பெண்கள் செய்வர். எவ்வூரில் வாங்கினும் ஒரே தரத்தில் உணவு தரும் அமெரிக்கத் தொடர் உணவகங்களைக் கண்டு, கண் சிகிச்சையையும் அவ்வாறே ஒரே தரத்தில் எங்கும் தர இயலாதா என்று அவர் எண்ணினார். நம் பிள்ளைகளுக்கு அவ்வுணவகங்களில் சிற்றுண்டி மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அவருக்கு அங்கே ஒரு முறைமை தெரிந்தது.

மங்கிய வில்லையை நீக்கியபின் முன்னாளில் தடித்த கண்ணாடி தருவர். பின்னர்க் கண்ணுள்ளேயே பொருத்தும் செயற்கை வில்லை வந்தது. அது அயல்நாட்டிலிருந்து வரவேண்டியிருந்தமையால் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை மதுரையில் நிறுவி, அவ்வில்லையை இங்கேயே உருவாக்கினர். இறக்குமதி விலையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்குக்கே அது கிடைத்தது. பிற நாடுகளுக்கும் அது செல்லலாயிற்று.

1985இல் தேனியிலும், 1988இல் திருநெல்வேலியிலும், 1997இல் கோயம்புத்தூரிலும், 2003இல் புதுச்சேரியிலும் மருத்துவமனைகள் எழுந்தன. திருநெல்வேலியில் அது எழுந்தபின் தென்காசி, சுரண்டை, சங்கரன்கோவில் பக்கத்து மக்கள் மதுரைவரை செல்ல வேண்டிய தேவை குறைந்தது. கரிசல் மண்ணில் பிறந்தவரின் பணி, அவருடைய சொந்தச் சீமைக்கே ஒரு சுற்றுச் சுற்றி வந்து சேர்ந்தது.

அவரோ மருத்துவமனையில் ஊதியம் பெறாமல், அரசு தந்த ஓய்வூதியத்திலேயே எளிய வாழ்க்கை நடத்தினார். 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், எண்பத்தேழாம் அகவையில் மதுரையில் மறைந்தார்.

விடுபட்ட கணக்கு

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது இரவு வெகுநேரமாகியிருந்தது. அன்பர் ஓர் ஐயம் எழுப்பினார். எல்லோரும் வெங்கடசாமி ஆக இயலுமா, கடனும் குடும்பமும் உள்ளவர் தொண்டை மட்டும் எண்ணித் துறை தேர இயலுமா என்று கேட்டார். நியாயமான ஐயம். இயலாது என்றே நாம் விடை கூறினோம். அவரும் முதல் முப்பதாண்டு அரசு ஊதியத்திலும் படை ஊதியத்திலும் வாழ்ந்தவரே. உடன்பிறந்தார் கைகொடுத்திராவிடில் பதினொரு படுக்கைகளும் இல்லை. இல்லறத்தார் வருவாயைக் கணக்கிடுவது குற்றமன்று.

ஆனால் பட்டியலை நிரப்பும்போது நாம் கேட்கும் கேள்விகள் எல்லாம் துறையைப் பற்றியவையாகவே இருக்கின்றன. அத்துறை எவ்வளவு தரும், எவ்வளவு உழைப்புக் கேட்கும், எவ்வளவு மதிப்புடையது என்பவையே அவை. அவர் கேட்டவை வேறு இரண்டு. மருத்துவர் எட்டாமையால் என் கண்ணெதிரே துன்புறுபவர் யார் என்பது ஒன்று. என் கையால் நன்கு செய்யக்கூடியது எது என்பது மற்றொன்று. சிறுவயதில் முதற் கேள்வியே மகப்பேற்றைக் காட்டிற்று. முப்பது வயதில் இரண்டாம் கேள்வி கண்ணைக் காட்டிற்று. இரண்டையும் சேர்த்துக் கேட்டவருக்கு, விரும்பிய துறை பறிபோனபோதும் வாழ்க்கை பறிபோகவில்லை. வருவாயும் வசதியும் பற்றிய கணக்கோடு இவ்விரு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வதே நம் கருத்து. அக்கணக்கை அடியோடு விடச் சொல்வதன்று.

பயிற்சி ஆண்டு அதற்கென்றே அமைந்த வாய்ப்பு. துறைதோறும் சுற்றி வரும்போது, எந்தப் பிரிவில் நேரம் போனது தெரியவில்லை, எந்த நோயாளியின் முகம் வீடு திரும்பிய பின்னும் மறக்கவில்லை, எந்த வேலையைத் தன் கை தயக்கமின்றிச் செய்தது என்று மாணவர் தமக்குள் குறித்துக்கொள்ளலாம். தரவரிசை எத்தனை துறைகளை அடைத்தாலும், திறந்திருப்பவற்றுள் எது நமக்குரியது என்று சொல்ல அக்குறிப்பு உதவும். நிரம்பாமல் எஞ்சும் உடற்கூறியலிலும் ஒருவர் நல்லாசிரியராக அமைந்தால், அவர் கையில் பயின்ற நூற்றுக்கணக்கான மருத்துவர்களின் கைகளில் அவருடைய கையும் இருக்கும்.

நம் முன்னோர் நான்கு தானங்களைப் போற்றினர். உணவு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றோடு மருந்தையும் ஒரு தானமாக வைத்தனர். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று அறநூல்களுக்கே மருந்தின் பெயரை இட்ட சான்றோர் வழி நம்முடையது. மருந்துத் தானம் எவர்க்கு என்பதை அவர்கள் வரையறுத்தார்கள், நோயுற்றவர்க்கு என்றார்கள். அத்தானத்தை இன்ன துறையில்தான் செய்யவேண்டும் என்று வரையறுக்கவில்லை.

அன்பர் மகள் அப்போதுதான் வாய் திறந்தாள். பயிற்சிக் காலத்தில் தனக்கு நெஞ்சில் நின்றது குழந்தைகள் பிரிவு என்றும், அது கிடைக்குமா என்பது தெரியாதென்றும், கிடைக்காவிடில் அடுத்து எதை வைப்பதென்று எண்ணிக்கொண்டிருப்பதாகவும் மெல்லச் சொன்னாள். தாயாருக்கு இரவுப் பணி பற்றிய கவலை நீங்கிற்றென்று சொல்லமாட்டோம். ஆனால் தந்தையார் தம் கையிலிருந்த தாளை மகளிடம் நீட்டி, பட்டியலை அவளையே எழுதச் சொன்னார்.

மறுநாட் காலை சுரண்டைக் காய்கறிச் சந்தை வழியாகப் பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். மண்டிகளில் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி அணிந்த மூதாட்டி ஒருவர், கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பூச்சி குத்தியதைத் தாமே பார்த்துத் தள்ளிவிட்டு, விலையையும் குறைத்துப் பேசிக்கொண்டிருந்தார். எந்த மருத்துவமனையில், எவருடைய கை அக்கண்ணைத் தொட்டதோ நாம் அறியோம். அந்த மருத்துவர் தம் இளமையில் பட்டியலின் எத்தனையாவது இடத்தில் கண் மருத்துவத்தை எழுதினாரோ, அதையும் அறியோம். அம்மூதாட்டிக்கு அது தெரிய வேண்டியதில்லை.

நம் இல்லத்து இளம் மருத்துவர்கள் துறை தேரும் வேளையில் அயன் வடமலாபுரத்து அப்பெரியவரை ஒருமுறை நினைத்துக்கொள்வார்களாக.